ஆறக் கற்றல்

கொதித்த பாலை ஆற்றுகிறோம். அழும் பிள்ளையையும் ஆற்றுகிறோம். புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, துயருற்ற நெஞ்சம் ஆறுதல் பெறுகிறது. சூடு தணிவதற்கும் உள்ளம் தணிவதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. பிள்ளைகளுக்கென்று ஆத்திசூடி இயற்றிய ஔவையார், முதலடியில் அறத்தைச் சொன்னவர், இரண்டாம் அடியிலேயே சினம் தணிவதைச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே மனம் ஆறவும் ஒரு குழந்தை பழக வேண்டும் என்ற தெளிவு அந்த வரிசையில் இருக்கிறது. நாமோ அந்த அடியை ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தோம். அதன்படி ஒழுகக் கற்றுக்கொடுக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து உறவினர் வீட்டில் ஒரு மாலை நான் கண்டதைச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மறுநாள் நடக்கவிருந்த சொல்வதை எழுதுதலுக்காகப் படித்துக்கொண்டிருந்தான். ழகரம் வரவேண்டிய இடத்தில் ளகரம் எழுதினான், அழித்தான், மீண்டும் பிழையாக எழுதி, மீண்டும் அழித்தான். தாள் கிழிந்தது. "இதுகூடத் தெரியலையா?" என்றார் தந்தை. சிறுவன் வயிறு வலிக்கிறது என்றான். அதைச் சாக்கு என்றே அங்கிருந்தோர் பலரும் எண்ணினர். அவனுடைய ஆச்சி மட்டும் ஒன்றும் சொல்லாமல், முறத்தில் உளுந்தைக் கொட்டி அவன் முன் வைத்தார். "எய்யா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கல்லு கிடந்தாப் பொறுக்கித் தா" என்றார். இருவரும் பேசாமல் கல் பொறுக்கினர். அவன் விரல்களின் நடுக்கம் நின்று வெகுநேரம் கழித்து, தலைநிமிராமலே சொன்னான்: "நாளைக்குத் தப்பா எழுதினா அப்பா பேசமாட்டாங்க ஆச்சி." பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. "பயமாத்தான் இருக்கும்யா. பயந்துக்கிட்டே எழுது. தப்போ சரியோ, வந்து என்கிட்டச் சொல்லு" என்றார்.

அந்த மூதாட்டி செய்ததில் ஒரு முறைமை இருந்தது. அறிவுரையைத் தள்ளிவைத்து, அவர் முதலில் உடலை ஆற்றினார். அச்சம் கொண்ட குழந்தையின் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, வயிறு உண்மையாகவே இறுகி வலிக்கிறது. அந்த நிலையில் எத்தனை நல்ல சொல்லும் உள்ளே இறங்காது. கைக்கு ஒரு மெதுவான வேலை, பக்கத்தில் பதறாத ஒரு பெரியவர், இவ்விரண்டும் கிடைத்த பிறகே அவனுக்குச் சொல் பிறந்தது. அவன் சொன்னபோது அவர் அதை மறுக்கவில்லை. பயம் என்ற பெயரையும் அதற்குத் தந்தார். இது சிறிய உதவி அன்று. அச்சம், வெட்கம், ஏக்கம், பொறாமை, சினம் ஆகியவற்றைப் பிரித்தறிந்து பெயர் சொல்லத் தெரியாத குழந்தைக்கு எல்லாம் வயிற்றுவலியாகவோ, நகம் கடித்தலாகவோ, தம்பியை அடித்தலாகவோதான் வெளிப்படும்.

மூச்சையும் அவ்வாறே பழக்கலாம். உள்ளிழுப்பதைவிட நீண்டதாக வெளிவிடும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். சுடுசோற்றை ஊதி உண்ணும் பிள்ளைக்கு அதைத் தனியே விளக்கவும் தேவையில்லை. சோற்றை ஊதுவது போல மெல்ல, நீள ஊது என்றால் போதும். ஆனால் அழுகையின் உச்சத்தில் முதன்முறையாக அதைக் கற்பிக்க முனைவது வீண். உறங்கும் முன்னும் விளையாடிக் களைத்த பின்னும் நாள்தோறும் பழகியதே நெருக்கடியில் தானாக வந்து நிற்கும்.

இவ்வளவு சிறிய பழக்கங்கள் ஒரு வாழ்நாளைத் தாங்குமா என்று ஐயுறுவோருக்கு நியூசிலாந்தின் டனீடன் நகரிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே 1972–73இல் பிறந்த 1,037 பேரை, மூன்று வயது முதல், ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். சிறுவயதில் தம்மை அடக்கி ஆளத் தெரிந்திருந்தவர்கள் முப்பத்திரண்டாம் வயதில் உடல்நலத்திலும் பொருள்நிலையிலும் மேம்பட்டிருந்தனர். குற்றங்களில் சிக்கியோரும் அவர்களிடையே குறைவு. அறிவுக்கூர்மையையும் குடும்பத்தின் வசதியையும் கழித்துப் பார்த்த பின்னும் அந்த வேறுபாடு நின்றது என்று 2011இல் வெளியிட்டனர். வளரும் காலத்தில் அடக்கத்தைக் கற்றுக்கொண்டவர்கள், சிறுவயதில் அதில் பின்தங்கியிருந்தாலும், எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்தனர் என்பதையும் அதே ஆய்வு கண்டது. எனக்குப் பெரிதும் நம்பிக்கை தருவது இந்த இரண்டாம் செய்திதான். அடக்கம் பிறவிக்கொடை மட்டும் அன்று, பழக்கத்தாலும் வருவது.

உறக்கமும் உணவும் குறைந்த உடலில் எந்தப் பயிற்சியும் வேர்பிடிக்காது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2019இல் அறிவித்தது. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைத் திணித்தால் அழுகை நிற்கும், உண்மை. ஆனால் ஆறும் வழியைக் கற்க அதற்கு வாய்த்த ஒரு தருணம் அத்தோடு பறிபோகிறது. நாள்தோறும் அப்படிப் பறிகொடுத்த பிள்ளை, இருபது வயதில் ஒரு தோல்வி வரும்போது எதைக் கொண்டு தன்னைத் தேற்றிக்கொள்ளும்?

இதில் பெரியோரின் கடமையே கடினமானது. குழந்தை அமைதியை முதலில் நம்மிடமிருந்து கடனாகப் பெறுகிறது. பல ஆண்டுகள் பெற்ற பின்னரே அது தனக்கென ஈட்டத் தொடங்குகிறது. தட்டை ஓங்கி வைக்கும் தாயும், வண்டி ஓட்டுகையில் எதிரே வருபவரை ஏசும் தந்தையும், பொறுமை பற்றி எத்தனை கதை சொன்னாலும் பிள்ளை கற்பது அந்த ஓசையையும் ஏச்சையும்தான். நாம் தவறுவோம், தவறிய பிறகு, "அப்பா கோபத்துல கத்திட்டேன், அது என் தப்பு" என்று பிள்ளையின் முன் சொல்லும் துணிவு வேண்டும். அச்சிறுவனின் தந்தை அன்றிரவு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஒன்றை மறக்கலாகாது. அடியும் இழிசொல்லும் ஏதேனும் ஒரு பெரியவர் மீதுள்ள அச்சமுமே குழந்தையின் துயருக்குக் காரணமாயின், மூச்சுப் பயிற்சி கற்பிப்பது அறமன்று. காரணத்தை நீக்குவதே அறம். அதற்கு உதவி வேண்டுவோர்க்காக நம் நாட்டில் 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

மறுநாள் அச்சிறுவன் பத்துச் சொற்களில் ஆறு சரியாக எழுதியிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஆச்சியிடம் ஓடிச் சென்று அதைச் சொன்னான். அவர் முதலில் கேட்டது, "மத்தியானம் ஒழுங்காச் சாப்பிட்டியாய்யா?" என்பது. இன்று மாலை உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்போது, நீங்களும் அதையே முதலில் கேளுங்கள்.