உயிரை அறியும் நெறி

அருகப் பெருமான் திருவடி வாழ்க!



நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை நாள்தோறும் போற்றுகின்றோம். இவற்றுள் ஞானம் பற்றிய ஓர் ஐயம் என்னை ஐம்பது ஆண்டுகளாக வாட்டிற்று. ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், தவளையை அறுத்து அதன் இதயத்தைக் காட்டுமாறு பணித்தனர். மதிப்பெண்ணுக்கு அஞ்சி அறுத்தேன். அன்று பொழுது சாயுமுன் இலைமுன் அமர்ந்தும் ஒரு கவளமும் இறங்கவில்லை. உயிரை அறிய உயிரைக் கொல்லத்தான் வேண்டுமா? ஞானமும் ஒழுக்கமும் தம்முள் பகைக்குமா?

உயிர் யாது, அதனை எங்ஙனம் அறிவது என்று ஆராய்வதே உயிரியலின் மெய்யியல். நம் நாட்டில் இவ்வினா மிகப் பழையது. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் உயிர்களைப் புலன்களால் வகுக்கின்றது. மரம் ஓரறிவுயிர், புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர், மாந்தர் ஐயறிவும் மனமும் உடையோர். தொல்காப்பிய மரபியலும் புலனறிவைக் கொண்டே உயிர்களை வகுத்துள்ளது. நம் நூலோர் இவ்வாறு வகுத்தது, எவ்வுயிர் எதனால் துன்புறும் என்றுணர்ந்து அதனைக் காத்தற்பொருட்டேயாம்.

இப்பழைய வினா இருபதாம் நூற்றாண்டில் புதுவடிவம் பெற்றது. இங்கிலாந்தில் பிறந்த பேரறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்து சேர்ந்தார். முன்னரே நச்சுக்காற்று முதலியவற்றின் விளைவைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் அவர். இங்கு வந்தபின் புலால் துறந்தார். பறவைகளைக் கொல்லாது ஆராயும் முறைபற்றி 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார்.

அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு உண்ணிச்செடியின் பூக்களை நாடிவரும் பட்டாம்பூச்சிகளைக் கண்ணால் நோக்கி எண்ணினார். சிலவகைப் பூச்சிகள் ஒரு நிறப் பூவையே நாடின. அங்ஙனமாயின் ஒரு நிறப் பூவின் மகரந்தம் அந்நிறப் பூக்களுக்குள்ளேயே நின்றுவிடும். நாளடைவில் ஓரினம் இரண்டாகப் பிரிய அது வாயிலாகலாம். டி.ஏ. டேவிஸ் என்பார் தென்னைகளை எண்ணினார். ஓலைகள் இடமாகச் சுழல்வனவும் வலமாகச் சுழல்வனவும் ஏறத்தாழச் சரிபாதியாயிருந்தன. அச்சுழற்சி தாய்மரத்தினின்று வழிவழியாக வருவதன்று எனவும் கண்டார். இவ்வுண்மைகளைக் காணக் கத்தி வேண்டியிருக்கவில்லை, பொறுமையே வேண்டியிருந்தது.

இன்னொன்றும் கேண்மின். 1957இல் அக்கழகத்தின் 'சங்க்யா' இதழில் ஹால்டேன் நம் சியாத்வாதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை வரைந்தார். கழகத்தை நிறுவிய மகலனோபிஸ் அவர்களும் நிகழ்தகவுக் கொள்கைக்கும் சியாத்வாதத்திற்கும் உள்ள உறவை எழுதியுள்ளார். ஒருவகையில் உளது, ஒருவகையில் இலது, ஒருவகையில் சொல்லொணாதது என்னும் நம் முறை உயிருக்கு எத்துணைப் பொருந்துகின்றது! மேசைமீது கிடக்கும் தவளை தன் உறுப்பின் அமைப்பை உரைக்கும். அதன் வாழ்வை, மழைக்குப்பின் குளத்தில் ஒலிக்கும் தவளையே உரைக்கும். முன்னதையே முழுமை என்பது ஏகாந்தம்.

ஆயினும் ஹால்டேன் நம் சமயத்தைத் தழுவினார் என்று பெருமை பேசற்க. அவர் கடவுளையும் சமயத்தையும் நம்பாதவர். வாய்மையும் நம் விரதமன்றோ? பழைய நூலிலேயே எல்லா அறிவியலும் உண்டு என்பதும் ஏகாந்தமே. உயிரை அறியும் வழியும் ஒழுக்கத்துள் அடங்கும் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுக்கும் பயிற்சியை நிறுத்துமாறு அறிவித்தது. நம் பேரக்குழந்தைகளுக்கு என் இடர் இல்லை. ஆதலின் தாய்மார்களே, உயிரியல் நம் அறத்திற்கு ஆகாது என்று பிள்ளைகளைத் தடுக்காதீர். திண்ணையில் அமர்த்தி, எறும்பின் வரிசையை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிய பிள்ளை அதனை மிதிக்காது.

பிரதிக்கிரமணத்தில் அத்தவளையிடம் இன்றும் மன்னிப்பு வேண்டுகின்றேன்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! ஜினதருமம் ஓங்குக!