டேய் என்று கூப்பிட ஒருவர்

போன மார்கழியில் ஒரு சாயங்காலம். திருச்சி ஜங்ஷனில் மதுரை போகும் வைகைக்காக நின்றுகொண்டிருந்தேன். வண்டி தாமதம். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், தலை முழுக்க நரைத்த ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க மதுரைல படிச்சீங்களா? ஹாஸ்டல்ல பதினாலாம் நம்பர் ரூமா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே அவர், “டேய்!” என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ‘சார்’ ‘டேய்’ ஆவதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. எனக்கும் இதற்குமேல் அவரை ‘அவன்’ என்றுதான் எழுத வருகிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் நெருங்கிய நண்பர்கள் இல்லை. ஒரே மெஸ், ஒரே வராண்டா, பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். படிப்பு முடிந்தபின் அவனை நான் தேடியதில்லை, பல வருஷங்கள் நினைத்ததுகூட இல்லை. அப்படியிருக்க, அந்த பிளாட்பாரத்தில் எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் வந்தது? கண்ணில் நீர் தளும்பும் அளவுக்கு?

முதல் காரணம் சுலபமானது. அறுபதைத் தாண்டியவனை ஊர் முழுக்க சார், மாமா, தாத்தா என்றுதான் கூப்பிடும். என்னை டேய் என்று கூப்பிட்ட அம்மா இல்லை, அண்ணனும் இல்லை. அந்தச் சொல்லுக்கு உரிமையுள்ளவர்கள் வருஷாவருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். திடீரென்று ஒருவன் வந்து அந்த உரிமையை எடுத்துக்கொண்டால் உடம்பே லேசாகிவிடுகிறது.

ஆனால் இது மட்டும் காரணமென்றால், அது வெறும் ஏக்கம். அதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ஒரு மனிதன் காலம் கடந்தும் அதே ஆளாக இருப்பது நினைவால்தான் என்றார். செய்ததை என்னுடையதாக உணர முடிகிறவரை அது நான். 1785ல் தாமஸ் ரீட் இதற்கு ஒரு கதையால் பதில் சொன்னார். ஒரு சிறுவன் பழத்தோட்டத்தில் திருடி அடி வாங்குகிறான். பிறகு இளம் அதிகாரியாகி, போரில் எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறான். அப்போது அந்த அடி அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. வயதான காலத்தில் ஜெனரல் ஆனபோது கொடி ஞாபகம் இருக்கிறது, அடி மறந்துவிட்டது. அப்படியானால் ஜெனரல் அந்தச் சிறுவனா, இல்லையா? லாக் சொன்னபடி பார்த்தால் ஆமாம், இல்லை என்று இரண்டு பதிலும் வருகிறது.

ரீட்டின் கதையில் ஜெனரல் தனியாக இருக்கிறார். அந்தத் தோட்டத்தில் அன்று கூட இருந்த இன்னொரு பையன் வயதாகி எதிரே வந்து நின்றால் என்ன ஆகும்? எனக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

இரண்டாம் வருஷம் ஹாஸ்டலில் ஒரு ஹெச்எம்டி வாட்ச் காணாமல் போனது. ஸ்காலர்ஷிப்பில் படித்த இவன்மேல் பழி விழுந்தது. அந்த இரவு முழுக்க அவனும் நானும் மொட்டை மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். வார்டனிடம் போய் அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். மூன்றாம் நாள் சலவைக்குப் போட்ட துணி மூட்டையில் வாட்ச் கிடைத்தது. அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு அந்த மூன்று நாள் என்றால் என் வாய் மூடியிருந்ததுதான் ஞாபகம்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவனாகவே ஆரம்பித்தான். “அந்த வாட்ச் விவகாரம் ஞாபகம் இருக்கா? மூணு நாளும் மெஸ்ல எவனும் என் பக்கத்துல உக்காரலை. நீ மட்டும்தான் தட்டை எடுத்துட்டு வந்து உக்காந்த.”

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. அவன் சொல்வதை அப்படியே வாங்கிக்கொண்டு சிரித்திருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முடியவில்லை. “நான் வார்டன்கிட்ட சொல்லியிருக்கணும்டா,” என்றேன்.

“தெரியும்,” என்றான். “அன்னைக்கே தெரியும். அதுக்காக உம்மேல கோவமாத்தான் இருந்தேன். ஆனா பக்கத்துல உக்காந்ததும் நெசம்தானே?”

ஒன்றாக உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றி எழுதும்போது எடுத்துக்காட்டுகிறார். நம்மூரிலும் உப்பிட்டவரை மறக்காதே என்பார்கள். எங்களுக்கு நடுவே இருந்ததெல்லாம் மெஸ் சாம்பாரின் உப்புதான். அதற்குள் என்னைப் பற்றிய மொத்தக் கணக்கையும் அவன் வைத்திருந்தான், வரவும் செலவுமாக. நான் வைத்திருந்ததோ செலவுப் பக்கம் மட்டும்.

நெருங்கிய நண்பர்களோடு பழைய கதைகளைத் திரும்பத் திரும்பப் பேசி, ஒரே கதையாக மெழுகிவிடுகிறோம். எப்போதோ பழகியவன் அப்படிச் செய்வதில்லை. தொட்டுப் பார்க்காததால் அந்த நாள் அவனிடம் அப்படியே கிடக்கிறது. அதை வைத்து என்னிடம் ஆகவேண்டிய காரியமும் அவனுக்கு இல்லை.

எல்லாச் சந்திப்பும் இப்படி அமையாது. தெரிந்த முகத்தைப் பார்த்துத் தூணுக்குப் பின்னால் நான் ஒதுங்கியதும் உண்டு. இப்போது யோசித்தால், அந்த ஆளுக்காக அல்ல, அவரிடம் இருக்கும் என்னைப் பார்க்கப் பயந்துதான் ஒதுங்கியிருக்கிறேன்.

உங்கள் தலைமுறைக்கு யாரும் முழுசாகத் தொலைவதில்லை. பிறந்தநாள் வாழ்த்தாவது போய்க்கொண்டிருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் ஒன்று சொல்வேன்: இன்று உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவரையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்களில் ஒரு பகுதி அவரிடம் போய்ச் சேருகிறது, அதில் எது தங்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

வண்டி வந்தது. நம்பர் வாங்கிக்கொண்டோம். இதுவரை அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதில் வருத்தமும் இல்லை. ஜன்னல் ஓரம் வந்து அவன் சொன்னது மட்டும் இப்போதும் காதில் இருக்கிறது:

“உடம்பப் பாத்துக்கடா.”