பிரதி எடுத்துப் பழகுதல்

பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றைப் பார்த்துப் பிரதி எடுப்பது உருவப்படக் கலையின் மிகப் பழைய பாடமுறை. அத்தகைய பழைய ஓவியத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: புனேயில் 1792-இல் ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ், இளம் மராத்தியப் பேஷ்வா சவாய் மாதவராவை அவருடைய அமைச்சர் நானா பட்னவிஸுடன் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஆங்கிலேய ரெசிடெண்ட் (அரசியல் பிரதிநிதி) சார்லஸ் மாலெட்டின் முயற்சியால் அவ்வூரில் ஓர் ஓவியப் பள்ளியும் உருவானது. அங்கே பயின்ற கங்காராம் தாம்பட் பின்னர் வேல்ஸுக்கு உதவியாளர் ஆனார்.

அத்தகைய படத்தைப் பிரதி எடுப்பவர் முகத்தின் அளவுகளைக் கட்டம் போட்டுக் குறித்துக்கொள்கிறார். அடுத்து, பழுப்பு நிறம் ஒன்றாலேயே ஒளியையும் நிழலையும் அமைக்கிறார். வண்ணம் பிறகுதான். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேற்பரப்பு பிற்காலத்தில் வெடிக்கும். கன்னத்து நிழலுக்குக் கறுப்பைத் தேடுவது தொடக்கநிலையாளரின் வழக்கமான தவறு. நல்ல உருவப்படங்களில் அந்த நிழல் பெரும்பாலும் செம்பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். பலரை முதலில் திகைக்க வைப்பதும் இதுவே.

விளிம்பு எங்கே மங்குகிறது, ஓவியர் எதை முடிக்காமல் விட்டார் என்பதைப் பிரதி சொல்லித்தரும். எதிரே அமர்ந்தவரை எந்த வெளிச்சத்தில் உட்கார வைப்பது என்பதை அது சொல்லித்தராது. அதற்கு உயிருள்ள முகம் வேண்டும்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதி பெற்றவர்கள் இன்றும் பிரதி எடுக்கிறார்கள். அசலின் அதே அளவில் மட்டும் வரையக் கூடாது.