படமில்லாத தாய்க்கு யார் சாட்சி?

தாய்மை புனிதமானது என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்தத் தாயின் தாய்மை? ஊருக்குள் ஒருத்தி பிள்ளை பெற்றால் ‘தாயானாள்’ என்கிறார்கள். சேரியில் ஒருத்தி பெற்றால் ‘பெத்துப் போட்டுட்டா’ என்கிறார்கள். அந்தப் ‘போட்டுட்டா’வில்தான் எல்லாம் அடங்கிக் கெடக்கு. போட்டதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தவன் புண்ணியவான் ஆவான். போட்டவளை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கேள்வியை ஒரு கார்ட்டூன் படத்தை வைத்துப் பேசப் போகிறேன். தோழர்கள் சிரிக்க வேண்டாம். 2012இல் வந்த படம். பெல்ஜியத்தில் வளர்ந்த கொரிய ஓவியர் ஜங்கும், பிரெஞ்சு இயக்குநர் லோரான் புவாலோவும் சேர்ந்து எடுத்தது. ஜங் தன் வாழ்க்கையை முதலில் படக்கதைப் புத்தகமாக வரைந்தார்; அதுதான் படமானது. பிரெஞ்சுத் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தோலின் நிறம்: தேன்’ என்று வரும். ஜங்கைத் தத்துக் கொடுத்தபோது எழுதிய கோப்பில் இருந்த வார்த்தை அது. ஒரு பிள்ளையை அனுப்பும்போது தோல் என்ன நிறம் என்று குறித்தாக வேண்டியிருக்கிறது. நிறம் பார்த்துப் பெண் தேடுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜங் 1965இல் பிறந்தவர். ஐந்து வயதுப் பிள்ளையாய் சோல் நகரத் தெருவில் தனியாகத் திரிந்தவரை ஒரு போலீஸ்காரர் கண்டெடுத்து அனாதை இல்லத்தில் சேர்த்தார். 1971இல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அந்த வீட்டில் ஏற்கெனவே நான்கு பிள்ளைகள். வளர்த்த தாய் சோறு போட்டாள், அடிக்கவும் செய்தாள். ஒரு நாள் கோபத்தில் அவரை அழுகின ஆப்பிளுக்கு ஒப்பிட்டாள், தன் பிள்ளைகளோடு சேராதே என்றாள். அவளைப் படம் கொடுமைக்காரியாக நிறுத்தவில்லை. அடித்த கையும் அணைத்த கையும் ஒரே கைதான் என்று காட்டுகிறது. நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்.

இந்தப் படத்தில் மூன்று வகைக் காட்சிகள் இருக்கின்றன. ஒன்று, வளர்ப்புத் தந்தை சின்ன சூப்பர் 8 கேமராவில் எடுத்து வைத்த பழைய வீட்டுப் படச்சுருள். இரண்டு, நாற்பது வயதைத் தாண்டிய ஜங் கொரியாவுக்குத் திரும்பிப் போவதைப் பின்தொடர்ந்து எடுத்தது. மூன்று, கேமரா இல்லாத இடங்களையெல்லாம் நிரப்புகிற அனிமேஷன். பிறந்த மண், அனாதை இல்லம், அடி வாங்கிய இரவு, பெற்ற தாயைப் பற்றிய கனவு, இவையெல்லாம் வரைந்தவை.

இதை அழகியல் உத்தி என்று சினிமாக்காரர்கள் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இதில் தெரிவது வர்க்கம். வளர்த்த தாய்க்குப் படம் இருக்கிறது, ஏனென்றால் அவள் வீட்டில் கேமரா இருந்தது. பெற்ற தாய்க்கு ஒரு துண்டுப் படம்கூட இல்லை. அதனால் அவள் கோட்டில்தான் வர முடியும்.

எங்கம்மாவுக்கு இருக்கிற ஒரே போட்டோ வாக்காளர் அட்டையில் இருக்கிறதுதான். அதுவும் அரசாங்கம் தனக்கு வேண்டி எடுத்தது. வரப்போரத்து மரத்துல தூளியக் கட்டி என்னப் போட்டுட்டு, நாத்து நட்டுக்கிட்டே ஏறிட்டு ஏறிட்டுப் பாத்த அந்த முகத்த யாரும் படம் புடிக்கல. அந்த முகத்தை நான் எழுதினால், ‘ஆதாரம் எங்கே?’ என்கிறார்கள். நம் தன்வரலாறுகள் வந்தபோதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்தது. கற்பனை கலந்தது, மிகைப்படுத்தியது என்றார்கள். வரைந்தது பொய், காகிதத்தில் இருப்பது மெய் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கிற நியாயம்.

அந்தக் காகிதத்தையும் பார்த்துவிடுவோம். 1950-53 கொரியப் போருக்குப் பிறகு, அந்நிய ராணுவத்தாருக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் இது தொடங்கியது. பிறகு ஏழைகளின் பிள்ளைகள், மணமாகாத பெண்களின் பிள்ளைகள் என்று நீண்டது. 1985 என்ற ஒரே ஆண்டில் 8,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2,00,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. தாய் தகப்பன் இருந்த பிள்ளைகள் பலரையும் ‘அனாதை’ என்றே பதிவு செய்தார்கள். அப்படி எழுதினால் அனுப்புவது சுலபம். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், ஆவணங்கள் புனையப்பட்டதையும் அரசு கண்காணிக்கத் தவறியதையும் மனித உரிமை மீறல் என்று அறிவித்தது. முறையிட்டவர்கள் 367 பேர். அப்போது பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டவர்கள் 56 பேர்.

நம்மூரும் இதற்கு விலக்கில்லை. 1990களின் இறுதியில் சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பேரில் நெதர்லாந்து, ஆஸ்திரேலியா என்று அனுப்பப்பட்டது 2005இல் வெளியே வந்தது. பெற்றவள் தானாகவே கொடுத்ததாகக் காகிதம் தயாராக இருந்தது. எந்தப் பகுதியில் குழந்தை காணாமல் போனால் போலீஸ் மெதுவாகத் தேடும் என்பது திருடியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ‘ஒங்களுக்கென்ன, இன்னொண்ணு பெத்துக்குவீங்க’ என்று சொல்லக்கூடிய சமூகத்தில்தான் இந்த வியாபாரம் நடக்கும்.

ஆக, முத்திரை குத்திய காகிதம் பொய் சொல்லியிருக்கிறது. அதுவும் தான் பொய் என்று காட்டிக்கொள்ளாமல் சொல்லியிருக்கிறது. ஓவியர் வரைந்த கோடு அப்படியில்லை. ‘நான் கோடு, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்’ என்று பார்ப்பவரிடம் முதலிலேயே ஒத்துக்கொள்கிறது. நிஜப் படச்சுருளுக்குப் பக்கத்திலேயே அதை வைக்கும்போது, எது கிடைத்தது, எது பறிபோனது என்று இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த நேர்மைக்குத்தான் சாட்சியம் என்று பேர். தத்தெடுத்தவர்களின் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியின் தாய்மை நிறைவேற இன்னொருத்தி ‘இல்லை’ என்று எழுதப்பட வேண்டியிருந்தால், அந்த ஏற்பாட்டை அன்பு ஒன்றே நியாயப்படுத்திவிடாது.

இந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இருக்கிறது. பெற்றவள் இதில் மகனின் ஏக்கமாகத்தான் வருகிறாள். அவள் ஏன் பிரிந்தாள், யார் பிரித்தார்கள், பிறகு எந்த ஆலையில் எந்த அடுப்படியில் வெந்தாள் என்பதற்கு அவள் வாய்மொழி இல்லை. மகன் அதை இட்டுக்கட்டவில்லை என்பது அவர் நேர்மை. ஆனால் நாமும் அம்மாவைப் பற்றி எழுதும்போது இதையேதான் செய்கிறோம். பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டியவள், தியாகி, தெய்வம் என்கிறோம். அவள் கோபம், அவள் ஆசை, பிள்ளையே வேண்டாமென்று அவள் நினைத்த ராத்திரி, எதற்கும் நம் எழுத்தில் இடம் இல்லை. ஊர்க்காரன் அவளைப் ‘பெத்துப் போட்டவ’ என்றான். நாம் அவளைச் சாமியாக்கிப் போட்டோம். ரெண்டு பேருமே அவளைப் பேசவிடல.

நம் தாய்மார்கள் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஜங்குக்குக் கிடைக்காத வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் பேச்சை அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும், நமக்குப் பிடிக்காததையும் சேர்த்து. செத்துப்போனவர்களை, பறிகொடுத்தவர்களை வரைந்துதான் ஆக வேண்டும். வரையும்போது அது நாம் போட்ட கோடு என்பது பார்க்கிறவருக்குத் தெரியட்டும். ஆதாரம் கேட்டு வருகிறவர்களிடம், அவர்கள் வைத்திருக்கிற காகிதத்தை முதலில் எடுத்துக் காட்டச் சொல்லுவோம்.