கோடையில் வரைந்த படம்

1802 ஏப்ரல். பரங்கிமலைக்கு அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாகப் பின்னி அளந்த அந்த மாபெரும் நில அளவைக்கு இதுதான் முதல் அடிக்கோடு. பின்னாளில் இமயத்துச் சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டவர்களும் இதன் தொடர்ச்சியில் வந்தவர்களே.

அளந்த விதத்தை நினைக்கும்போதெல்லாம் மனம் தானாகவே நிதானப்படுகிறது. நூறு அடி எஃகுச் சங்கிலி, அதில் நாற்பது கண்ணிகள், கண்ணிக்கு இரண்டரை அடி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று விட்டதால் கல்கத்தா வழியாக லாம்டன் கைக்கு வந்த சங்கிலி அது. வெறும் தரையில் போட்டு இழுத்தால் மேடுபள்ளம் கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே முக்காலிகளை நட்டு, அவற்றின்மேல் நீண்ட மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வரிசையாக வைத்து, அதற்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். பெட்டிக்குள்ளே வெப்பமானிகள் இருந்தன. வெயில் ஏற ஏற எஃகு நீளும். அது மயிரிழையளவே என்றாலும் கணக்கில் சேரவேண்டும். நூறடி முடிந்ததும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த நூறடிக்கு நகர்ந்தார்கள். இப்படி நானூறு முறை. 57 நாள் வேலை. சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பெட்டிகளையும் முக்காலிகளையும் சுமந்து நடந்தவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கோட்டின் துல்லியத்தில் அவர்களுடைய பொறுமையும் இருக்கிறது.

*

கோட்டின் தென்முனையான பெரும்பாக்கத்தை ஒட்டித்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு கிடக்கிறது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் மிச்ச நீர் அங்கே வந்து சேரும். பரந்து, நின்று, மெல்ல ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து முகத்துவாரத்துக்கும் போகும். கார்த்திகையில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். வைகாசியில் அதே இடத்தின் பெரும்பகுதியில் மண் வெடித்துக் கிடக்கும். எது உண்மையான பள்ளிக்கரணை?

லாம்டன் அளந்தது சதுப்பை அல்ல. அவருக்கு வேண்டியிருந்தது நேரான, உலர்ந்த தரை. அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தரையை அளக்கும் வேலை எப்போதும் உலர்ந்த மாதத்தையே நாடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சேற்றில் சங்கிலி இழுக்க முடியாது, இடுப்பளவு நீரில் கல் நட முடியாது. வரைபடத்தில் அளவுகோல் இருக்கிறது, வடக்குக் குறி இருக்கிறது, ஆண்டுகூட இருக்கிறது. மாதத்தை மட்டும் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

*

ஒரு புலப்படத்தை விரித்து வைத்துப் பார்க்கிறேன். ஒரு புல எண்ணுக்கு ஒரு தாள். எல்லைக் கற்கள், கல்லுக்குக் கல் தூரம், குறுக்கே ஓடும் அளவைக் கோடு, அதிலிருந்து வளைவுகளுக்குக் கிளைக்கும் சிறு அளவுகள், உட்பிரிவு எண்கள், ஓரங்களில் பக்கத்துப் புலங்களின் எண்கள். மிகுந்த அக்கறையோடு செய்த வேலை. கல் பெயர்ந்து காணாமல் போனாலும் இந்தத் தாளை வைத்து அது நின்ற இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். எத்தனையோ பங்காளிச் சண்டைகளைத் தீர்த்த தாள் இது.

ஏரி மட்டும் இந்தத் தாளுக்குள் அடங்குவதில்லை. ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் திறந்த உள்வாய். நல்ல மழை பெய்தால் தண்ணீர் உள்வாயில் மெல்ல ஏறும், மழை பொய்த்தால் இறங்கும். இறங்கிய ஈரத்தில் சிலர் விதைப்பார்கள், மாடுகள் மேயும். வருஷத்துக்கு வருஷம் நகரும் அந்த விளிம்பைக் கோடாகப் போட்டே ஆகவேண்டும் என்றால் எங்கே போடுவது? மழை குறைந்த வருஷங்கள் தொடர்ந்தால் உள்வாய் மனையாகிறது. ஆக்கிரமிப்பு பெரும்பாலும் கரைப்பக்கத்தில் தொடங்குவதில்லை, உள்வாயில்தான் தொடங்குகிறது.

பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு. பாதி வருஷம் நீரும் பாதி வருஷம் நிலமுமாக இருப்பது புறம்போக்கில் போய்ச் சேர்கிறது. யாருக்கும் பயன்படாத இடம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்கிறது. பள்ளிக்கரணையில் குப்பை கொட்டினார்கள், சாலை போட்டார்கள், கட்டடங்கள் எழுந்தன. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில், 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது சுமார் 1,248 ஹெக்டேர்.

*

செயற்கைக்கோள் வந்தபின் ஒன்று மாறியது. அது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. லேண்ட்சாட் 1972-லிருந்து பூமியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடும், இலை திருப்பி அனுப்பும். அதனால் அந்தப் படங்களில் நீர் கறுப்பாகத் தனித்துத் தெரியும். ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 1984 முதலான லேண்ட்சாட் படங்களை அடுக்கி, 2016-ல் உலக நீர்ப்பரப்பு வரைபடம் ஒன்றை வெளியிட்டது. நீர் இங்கே இருக்கிறதா இல்லையா என்பதோடு அது நிற்பதில்லை. பார்த்த முறைகளில் எத்தனை சதவீதம் இங்கே நீர் நின்றது என்றும் சொல்கிறது. எப்போதும் நீர் நிற்கும் இடம் அடர்நீலம், எப்போதாவது நிற்கும் இடம் வெளிர்நிறம். ஏரி உள்வாய்க்கு இடம் கொடுத்த வரைபடம் என்று இதை மனதார மதிக்கிறேன்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் உச்சத்தில் நிற்கும் நாட்களில்தான் மேகம் மூடியிருக்கும். ஆக, அந்தப் படங்களும் வறண்ட மாதங்களின் பக்கமே சாய்கின்றன. மேகத்தை ஊடுருவிப் பார்க்க ரேடார் வேண்டும். 2014-ல் பறக்கத் தொடங்கிய சென்டினல்-1 அதைச் செய்கிறது. அசையாத நீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடுவதால், வெள்ளம் நிற்கும் இடம் படத்தில் கறுப்பாக விழும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்களே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின்மேல் நீர் நின்ற தெருக்களைக் குறித்தார்கள். மழை நின்றிராத நாட்களில், தண்ணீருக்குள் இருந்தவர்கள் சேர்ந்து வரைந்த படம் அது. அதைப்போல ஒன்று இந்த ஊருக்கு அதற்குமுன் இருந்ததாக நான் அறியேன்.

*

படம் வரையாமலே நீரைப் பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு முறை இருக்கிறது. ஏரிக்குள் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை விரிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். நீருக்குள் கல் நடாமல் இடத்தையும் நாளையும் சேர்த்தே பிரித்துக்கொள்ளும் வழி அது.

*

அப்படி இடத்தோடு காலத்தையும் சேர்த்துக் காட்ட, ஒவ்வொரு கிராமத்துக்கும் இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று சித்திரையில் பார்த்தது, இன்னொன்று கார்த்திகையில் பார்த்தது. மனை வாங்கப்போகிறவர் வில்லங்கச் சான்றிதழ் கேட்பதுபோல் கார்த்திகைப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியவேண்டும். இதற்கான செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் லேண்ட்சாட்டின் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு கிரவுண்டு. அந்த நான்கில் எந்த மனையில் தண்ணீர் நின்றது என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள யாராவது மழையில் இறங்கி நடக்கவேண்டும், அங்கே குடியிருப்பவர்களிடம் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கேட்டு, தேதி போட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.