வாசலுக்கு வருகிறவர் எல்லோரும் விருந்தினரா?

கோயில் நகரத்தில் வீடு அமைவது பெரிய பாக்கியம் என்பார்கள். உண்மைதான். ஆனால், அந்தப் பாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வரும். அதுதான் வெளியூர் விருந்து!

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாசி பிறந்தால் மகாமகக் குளத்தில் தீர்த்தவாரி. பங்குனியில் நாச்சியார்கோவில் கல் கருட சேவை. சித்திரையில் சாரங்கபாணி பெருமாளின் பெரிய தேர். அது முடிவதற்குள் பள்ளிக்கூட விடுமுறை. வைகாசி, ஆனி, ஆவணி மாதங்களில் கல்யாண முகூர்த்தங்கள். ஆடி பதினெட்டு அன்று காவிரிப் படித்துறை. புரட்டாசியில் ஒப்பிலியப்பன் தரிசனம். ஐப்பசியில் மயிலாடுதுறை துலா ஸ்நானம். கார்த்திகையில் சுவாமிமலை. மார்கழியில் மீண்டும் கல் கருடன்!

இது போதாதென்று, குருப்பெயர்ச்சிக்கு ஆலங்குடி, ராகுப்பெயர்ச்சிக்குத் திருநாகேஸ்வரம், சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு. குழந்தை வரத்துக்குத் திருக்கருகாவூர். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர். எந்தத் தலத்துக்குப் போவதாக இருந்தாலும், 'கும்பகோணத்துலதான் நம்ம மனுஷா இருக்காளே, ராத்திரி அங்கே தங்கிட்டுக் காலையில கிளம்பிடலாம்' என்று ஒரு வழி இருக்கிறது.

வருகிறவர்களுக்கு அது வருடத்தில் ஒரு நாள். வீட்டில் இருப்பவர்களுக்கோ வருடம் முழுவதும்!

விருந்தோம்பல் நமது பண்பாடு, சந்தேகமே இல்லை. விருந்தினரைத் தெய்வமாக நினைக்கச் சொல்கிறது தைத்திரீய உபநிஷதம். விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார் திருவள்ளுவர். ஆனால், அந்தப் பண்பாட்டுக்கு எல்லை உண்டா? 'இந்த முறை முடியாது' என்று சொன்னால் அது பாவமா? வாருங்கள், கொஞ்சம் நிதானமாக யோசிப்போம்.

ஒரு தாயின் கேள்வி

கோயில் கட்டுரைகளுக்காகக் கும்பகோணம் பக்கம் போகும்போதெல்லாம் பல வீடுகளில் பேசும் வாய்ப்பு கிடைக்கும். அப்படி ஒரு முறை, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா கேட்ட கேள்வி மனதை விட்டு அகலவே இல்லை.

"எல்லாரும் சாமி பார்க்கணும்னு எங்க வீட்டுக்கு வர்றாங்கம்மா. நான் சாமி பார்த்து எத்தனை நாளாச்சு தெரியுமா? மகாமகக் குளம் இங்கேருந்து பத்து நிமிஷ நடை. மாசி மகத்தன்னிக்கு அங்கே தீர்த்தவாரி நடக்கறப்ப, நான் அடுப்படியில இருபது பேருக்குச் சாம்பார் கொதிக்க வெச்சுக்கிட்டிருப்பேன். வந்தவங்க ஈரத்துணியோட வந்து, 'ரொம்ப நல்ல தரிசனம்'னு சொல்லிட்டு இலையில உட்காருவாங்க. எனக்குச் சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. இது புண்ணியத்துல சேருமா, இல்லே மனசுக்குள்ளே முணுமுணுக்கறதால பாவத்துல சேருமா? நீயே சொல்லும்மா!"

இதை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியுமா? சாப்பாடு போட அவர் தயங்கவில்லை. போடும்போது மனம் கசக்கிறதே, அந்தக் கசப்பு தர்மத்தைக் கெடுத்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறார். தர்மத்தில் அக்கறை உள்ளவருக்குத்தான் இந்தப் பயம் வரும்.

விருந்து என்றால் யார்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'விருந்து' என்றால் புதுமை என்று பொருள். தொல்காப்பியத்தில் செய்யுளுக்கு உரிய எட்டு வனப்புகளில் ஒன்றாக 'விருந்து' வருகிறது. புதிதாகப் பாடப்படுவது என்ற பொருளில்தான் அங்கே அந்தச் சொல் நிற்கிறது. ஆக, நம் வீட்டுக்குப் புதிதாக வருபவரே விருந்து. முன்பின் தெரியாதவர், ஊருக்குப் புதியவர், பசியோடு வாசலில் நிற்பவர்... இவர்கள்தான் அந்தச் சொல்லுக்கு முதல் உரிமைக்காரர்கள்.

அப்படியானால் சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட மாமா எல்லாம்? அவர்கள் சுற்றம். இல்லறத்தில் இருப்பவர் பேண வேண்டியவர்கள் என்று திருவள்ளுவர் ஐந்து பேரைச் சொல்கிறார். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியாகத் தான். விருந்தினரையும் சுற்றத்தையும் அவர் ஒன்றாகக் கட்டவில்லை. அதைவிட முக்கியம், அந்த ஐந்தாவது இடம். தன்னைப் பேணுவதையும் அவர் அறமாகவே கணக்கில் வைத்திருக்கிறார். சமைப்பவரின் உடம்பும் மனமும் அந்தக் கணக்கில் உண்டு!

மனு ஸ்மிருதியின் மூன்றாவது அத்தியாயத்திலும் அதிதியைப் பற்றி விரிவாக வருகிறது. நிலையாகத் தங்காதவர் என்பதால்தான் 'அதிதி' என்ற பெயர் என்று விளக்கும் அந்த நூல், ஓர் இரவு தங்கிச் செல்பவரையே அதிதி என்கிறது. இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. புதிதாக மணமான பெண்கள், சிறுமிகள், நோயாளிகள், கர்ப்பிணிகள்... இவர்களுக்கு, விருந்தினருக்கும் முன்னதாகவே, எந்த யோசனையும் இல்லாமல் உணவு கொடுத்துவிட வேண்டுமாம். வந்தவருக்காக வீட்டிலிருப்பவரை வாடவிடு என்று சாஸ்திரம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இளையான்குடியில் ஒரு மழை இரவு

'அதெல்லாம் சரி. இளையான்குடி மாற நாயனார் எல்லை பார்த்தாரா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான்.

வறுமை சூழ்ந்த காலத்தில், கொட்டும் மழையில், இரவு நேரத்தில் அடியவர் ஒருவர் வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. நாயனார் பகலில் விதைத்த நெல்லை இருட்டிலேயே போய் வாரிக்கொண்டு வருகிறார். விறகுக்குக் கூரையின் வரிச்சுக் கழிகளை அறுத்துத் தருகிறார். குழியில் இன்னும் வளராத கீரையைப் பறித்துக் கொடுக்கிறார். அதையே பலவிதமாகச் சமைக்கிறார் மனைவி. உணவு தயாரானதும் அழைத்தால், வந்தவர் சோதியாக எழுகிறார். அவர் சிவபெருமான்!

இந்தக் கதையில் மூன்று விஷயங்களை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

முதலாவது, வந்தவர் பசியோடு, மழையில் நனைந்து, வேறு கதியில்லாமல் வந்தவர். செலவை மிச்சம் பிடிக்க வந்தவர் அல்ல.

இரண்டாவது, நாயனார் மனைவிக்குக் கட்டளை இடவில்லை. 'என்ன செய்யலாம்?' என்று கேட்கிறார். விதைநெல் யோசனையைச் சொன்னதே அந்த அம்மையார்தான்.

மூன்றாவது, வேலை இருவருக்கும் பாதிப் பாதி. மழையில் நனைந்தது கணவர், அடுப்பில் வெந்தது மனைவி. ஈசன் காட்சி தந்ததும் இருவருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். 'தாராளமா வாங்க, நம்ம வீடு இருக்கும்போது எதுக்கு லாட்ஜ்?' என்று தொலைபேசியில் சொல்பவர் ஒருவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பால் வாங்கி, டிகிரி காபி போட்டு, மாவு அரைத்து, பாய் தலையணை உதறிப் போடுபவர் வேறொருவர். முதலாமவருக்கு 'தங்கமான மனுஷன்' என்ற பெயர். இரண்டாமவர் முகம் கொஞ்சம் வாடினால், 'அவளுக்கு மனசே இல்லை' என்ற பேச்சு. இது நியாயமா?

தன் உழைப்பைக் கொடுத்தால் அது தானம். அடுத்தவர் உழைப்பை, அவரைக் கேட்காமலேயே எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி இதே உண்மையைத் தொட்டுப் பேசுகிறாள். மதுரையில் ஆயர் குடியிருப்பில், தன் கையால் சமைத்துக் கோவலனுக்குப் பரிமாறிய பிறகு, அவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றைத் தான் இழந்திருந்ததாகச் சொல்கிறாள். வீடு இருந்தது, அவளும் இருந்தாள். ஆனாலும் துணைவன் இல்லாததால் அந்த அறம் நடக்கவில்லை. விருந்தோம்பல் இருவர் சேர்ந்து செய்வது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல் கருடன் சொல்லும் பாடம்

நாச்சியார்கோவில் கல் கருடனை நீங்கள் தரிசித்திருப்பீர்கள். சந்நிதியிலிருந்து புறப்படும்போது 4 பேர் சுமப்பார்கள். வெளியே வரவர எடை கூடிக்கொண்டே போகும் என்பது ஐதீகம். 8 பேர், 16 பேர், 32 பேர், 64 பேர் என்று தோள்கள் கூடிக்கொண்டே போகும். 'முதலில் தூக்கிய 4 பேரே கடைசி வரை சுமக்கட்டும்' என்று யாரும் சொல்வதில்லை. பாரம் கூடினால் தோளும் கூட வேண்டும்.

நம் முன்னோர் விருந்து விஷயத்திலும் அதைத்தான் செய்தார்கள். ஊருக்கு வரும் யாத்ரீகர் அத்தனை பேரையும் தனித்தனி வீடுகள் தாங்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சத்திரங்கள் எழுந்தன. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள், ராமேஸ்வரம் செல்லும் பாதை நெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். இரண்டாம் சரபோஜி மன்னர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. திருக்கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியபோது, பழைய வழக்கமே புது வடிவில் தொடர்ந்தது.

ஆகவே, 'இந்த முறை வீட்டில் உடம்பு சரியில்லை. மடத்திலோ லாட்ஜிலோ தங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கட்டாயம் வந்துவிட வேண்டும்' என்று சொல்வது பண்பாட்டுக்கு விரோதம் இல்லை. தங்க இடம் விசாரித்துச் சொல்வதும் உபசாரம்தான்.

எது குறைந்தபட்சம்?

அனிச்சமலர் முகர்ந்தால்தான் வாடும். விருந்தினரோ, நம் முகம் சற்றே மாறினாலே வாடிவிடுவார் என்பது வள்ளுவர் கருத்து. அப்படியானால், முகம் மாறாமல் எவ்வளவு செய்ய முடியுமோ அதுவே நமது விருந்தோம்பலின் அளவு. பதினான்கு வகை சமைத்து, பாத்திரத்தை 'ணங்'கென்று வைப்பதைவிட, ரசமும் அப்பளமும் சிரித்த முகமும் உயர்ந்தது.

'எனக்கு யார் வந்தாலும் முகம் மாறும். அதனால் எதுவும் செய்ய வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டால்? அதற்கும் பதில் உண்டு. மேலே சொன்ன ஸ்மிருதியே, நல்லவர் வீட்டில் நான்கு மட்டும் ஒருபோதும் இல்லாமல் போகாது என்கிறது. இருக்க இடம், உட்கார ஆசனமாக விரிக்கப் புல், தண்ணீர், இனிய சொல். இந்த நான்குக்கும் பணம் வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். இவை குறைந்தபட்சம். இவற்றிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. பசித்தவர் வந்தால் அங்கே கணக்கே கிடையாது. இருப்பதைப் பகிர வேண்டியதுதான்.

அந்த அம்மாவின் மனக்கசப்பு பாவம் ஆகாது என்றே தோன்றுகிறது. அவர் தோளில் மட்டும் கல் கருடன் ஏறி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தோள் கொடுக்க வேண்டியவர்கள் தீர்த்தவாரிக்குப் போயிருக்கிறார்கள். கேள்வி கேட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்!

விருந்தினருக்கும் தர்மம் உண்டு

இதைப் படிக்கும் நாம் எல்லோருமே ஏதோ ஒரு நாள் விருந்தினர்தான். நமக்கு வழிகாட்ட ஒப்பிலியப்பனே இருக்கிறார். மார்க்கண்டேய மகரிஷியின் மகளைப் பெண் கேட்டு வந்தார் பெருமாள். 'சிறு பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாது' என்று தயங்கினார் மகரிஷி. 'உப்பில்லாமலே சாப்பிடுகிறேன்' என்றார் பெருமாள். இன்று வரை அந்தச் சந்நிதியில் நைவேத்தியத்துக்கு உப்பு கிடையாது. கொடுப்பவரின் சக்திக்குத் தக்கபடி தன் தேவையைக் குறைத்துக்கொண்டார் வந்தவர். சிறந்த விருந்தினருக்கு இதைவிட இலக்கணம் எங்கே தேடுவது?

எனவே, அடுத்த முறை கோயில் நகரம் ஒன்றுக்குக் கிளம்பும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

• எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். 'வந்தால் தொந்தரவு இல்லையே?' என்று வீட்டுப் பெண்மணியிடமே கேளுங்கள். 'இந்த முறை முடியாது' என்றால் வருத்தப்படாதீர்கள்.

• காய்கறி நறுக்குவது, இலை எடுப்பது, படுக்கையைச் சுருட்டி வைப்பது... இவற்றில் ஆண்களும் கை கொடுங்கள்.

• ஒரு வேளையாவது கோயில் அன்னதானத்திலோ ஓட்டலிலோ சாப்பிட்டு, வீட்டு அடுப்புக்கு ஓய்வு கொடுங்கள்.

• எல்லாவற்றுக்கும் மேலாக, கோயிலுக்குக் கிளம்பும்போது சமையலறையை எட்டிப் பார்த்து, 'நீங்களும் வாங்க, வந்து எல்லாருமா சேர்ந்து சமைச்சுக்கலாம்' என்று கூப்பிடுங்கள்.

2016 பிப்ரவரி 22 அன்று நடந்த மகாமகத்துக்குப் பிறகு, அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. குடந்தை வீடுகளில் அப்போது பாய்களும் பாத்திரங்களும் போதாமல்தான் போகும். அந்த வீட்டுப் பெண்களும் அன்றைக்குக் குளக்கரையில் நின்று புனித நீராட, போகிறவர்கள் இப்போதே மனதில் இடம் ஒதுக்கிக்கொள்ளட்டும். கும்பேஸ்வரர் அருளால் விருந்தினருக்கும், விருந்திட்டவருக்கும் தரிசனம் கிடைக்கட்டும்!