படியும் பற்றும்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. பொருள் சேர்க்காமையை ஐந்து பெருநோன்புகளில் ஒன்றாக வைத்த நெறி அவர்களுடையது. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக எண்ணி, ஏடுகளைப் படியெடுத்துக் கொடுப்பதைப் பெரும் புண்ணியமாக்கியதும் அந்த நெறிதான். எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாதே என்றவர்கள் ஓலைகளை ஏன் இவ்வளவு கவனமாகக் காத்தார்கள்? விழுப்புரத்தில் இன்று ஒருவர் வீட்டு அலமாரியில் சிறு சர்வர் வைத்துக் குடும்பப் படங்களையும் பத்திரங்களையும் சேமிக்கும்போதும் இதே கேள்வி எழுகிறது. அழியக்கூடியதைக் காக்க முயல்வது பற்றா, கடமையா? கடமைதான் என்பது என் முடிவு. ஆனால் தன்னிடம் மட்டுமே இருக்கட்டும் என்று காத்தால் அது பற்றாகிவிடும். தன் கையைவிட்டுப் போனாலும் எங்காவது இருக்கட்டும் என்று காக்கும்போதுதான் அது கடமை.

இந்த வேறுபாடு சர்வரின் அமைப்பிலேயே தெரிகிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு-1 முறையில் இணைத்து ஒரே வால்யூமாக்கினால், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிவாகும். ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றது வேலையைத் தொடரும். பலர் இத்துடன் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால், அந்த அழிப்பும் உடனே இரண்டிலும் நடந்துவிடுகிறது. முன்பே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். அந்த ஸ்னாப்ஷாட்டும் பெரும்பாலும் அதே டிஸ்க்குகளில்தான் கிடக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழையைக் கொட்டியது. அப்படி ஒரு நாளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளும் சேர்ந்தே நனையும். வேறொரு ஊரில், வேறொருவர் வீட்டில் ஒரு படி இருந்தால்தான் அதைப் பேக்கப் என்று சொல்ல முடியும்.

சமணர்களின் வரலாறு இதற்குச் சான்று. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற பெண்மணி பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துக் கொடுத்தார். நூல் இன்றும் இருக்கிறது. தமிழில் வளையாபதிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்ற பெருமை அதைக் காப்பாற்றவில்லை. இன்று கிடைக்கும் எழுபது சொச்சம் பாடல்களும், புறத்திரட்டைத் தொகுத்தவரும் உரையாசிரியர்களும் தங்கள் நூல்களில் எடுத்து எழுதிக்கொண்டதால் தப்பியவை. கன்னட நாட்டு மூடபித்ரியில் தவளம், ஜயதவளம், மகாதவளம் ஆகிய சமணச் சாத்திர ஏடுகள் பல நூற்றாண்டுகள் வெளியே போகாமல் வழிபாட்டுப் பொருளாகப் பூட்டியே இருந்தும் தப்பவில்லையா என்று கேட்கலாம். தப்பின, ஆனால் முழுமையாக அல்ல. சில ஏடுகள் சிதைந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கத் தொடங்கி, 1939-இல் முதல் தொகுதி அச்சேறிய பிறகே அந்த நூல்களுக்கு இருந்த ஆபத்து நீங்கியது. அதுவரை காத்தது பூட்டு என்பதைவிட நற்பேறு என்பதே பொருந்தும்.

எல்லாம் நிலையாதது என்று ஒப்புக்கொண்ட பிறகு இத்தனை பாடு எதற்கு என்பது கனமான மறுப்பு. இதற்கு உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் விடை இருக்கிறது. உள்ளது எதுவும் தோன்றுகிறது, அழிகிறது, நிலைத்தும் இருக்கிறது. மூன்றும் ஒரே பொருளின் இயல்பு என்கிறது அந்நூல். ஓலை ஈரத்துக்கும் பூச்சிக்கும் இரையாகும். டிஸ்க்குக்கு ஆயுள் இன்னும் குறைவு, பல சமயம் பத்து ஆண்டைக்கூடத் தாண்டாது. வடிவம் அழியும் என்று தெரிந்தவர்தான் அடுத்த வடிவத்துக்கு நேரத்தோடு மாற்றி எழுதுகிறார். நிலையாமையை உணர்ந்ததன் அடையாளமாகவே படியெடுப்பதை நான் பார்க்கிறேன். கல் நிலைக்கிறதே எனலாம். செஞ்சிக்கருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. கல் அந்தச் சில சொற்களைத் தாங்கும். ஒரு காப்பியத்தைத் தாங்காது.

அந்தரங்கம் பற்றிய மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. சாத்திரம் ஊருக்குரியது, நிலப் பத்திரமும் மருத்துவ அறிக்கையும் அப்படியல்ல. அவற்றை அடுத்தவர் வீட்டில் வைப்பது தானமாகாது, அடைக்கலம் வைப்பதுதான். ஆகவே மறையாக்கம் செய்து, சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி அனுப்புவது நியாயம். ஆனால் பற்று அந்த வழியாகவும் திரும்பி வரும். மூடபித்ரி ஏடுகள் பழைய கன்னட எழுத்தில் இருந்தன. வாசிக்கக்கூடியவர்கள் அருகிப்போனதால், கண்முன் இருந்தும் அவை பலருக்கு இல்லாதவையாகவே இருந்தன. ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் கடவுச்சொல் இருக்கும் பேக்கப்பின் கதியும் அதுதான்; அவர் மறைந்த மறுநாள் நான்கு ஊர்களில் நான்கு படிகள் இருந்தும் பயனில்லை. தரவைப் பிரித்து வைத்தவர் அந்தச் சாவியையும் மனைவியிடமோ மகளிடமோ உயிரோடிருக்கும்போதே ஒப்படைத்து, ஒருமுறை அவர்கள் கையாலேயே திறக்கச் செய்து பார்க்க வேண்டும்.